முக்கால் நொடி மாப்பிள்ளை

அந்த ஷட்டரைக் கொஞ்சம் இறக்கிவிடுங்கள் தம்பி. வெயிலுக்காகச் சொல்லவில்லை. நாற்பத்தைந்து வருஷமாக உப்பளத்தில் நிற்கிறவனுக்கு பஸ் ஜன்னல் வெயில் எல்லாம் ஒரு வெயிலா? அந்த மூஞ்சியைப் பார்க்கப் பிடிக்கவில்லை, அவ்வளவுதான். சூரியனைத்தான் சொல்கிறேன். ஐந்து மாதமாக எனக்கும் அதற்கும் ஆகாது. எனக்கும் என் மருமகனுக்கும் ஆகாது. இரண்டும் ஒரே சண்டைதான்.

இறங்க மாட்டேன் என்கிறதா? விடுங்கள். பஸ் ஷட்டர் என்றைக்கு ஒழுங்காக இறங்கியது. நான் இப்படிச் சட்டைக் கையால் முகத்தைத் துடைத்துக்கொள்கிறேன், தப்பாக நினைக்காதீர்கள்.

மதுரைக்குத்தானே? நானும் மதுரைக்குத்தான். கண் ஆஸ்பத்திரிக்குப் போகிறேன். மகள் அங்கேதான் இருக்கிறாள். ஆனால் நான் அவள் வீட்டுக்குப் போகவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் பஸ் ஏற்றிவிட வந்த என் வீட்டுக்காரி தங்கபுஷ்பம், பஸ் ஸ்டாண்டே கேட்கிற மாதிரி, "மக வீட்டுக்குப் போயிட்டு நல்லபடியா வாங்க" என்று சத்தம் போட்டாள். நீங்களும் கேட்டிருப்பீர்கள். அவள் அப்படித்தான் சொல்வாள்.

என் பெயர் ஆதிலிங்கம். தூத்துக்குடியில் முத்தையாபுரம் பக்கம் உப்பளத்தில் கங்காணி. ஐம்பது பேரை வேலை வாங்குகிறவன். படிப்பு ஐந்தாம் வகுப்போடு சரி. ஒரே மகள், ஜெயக்கொடி. இப்போது அவளுக்கு ஏழு மாதம். எங்கள் பக்கத்தில் தலைப்பிரசவம் அம்மா வீட்டில்தான். ஏழாம் மாதம் வளையல் போட்டுக் கூட்டிக்கொண்டு வர வேண்டும். அவள் வர மாட்டேன் என்கிறாள். அப்பா ஒரு வார்த்தை சொன்னால்தான் அந்த வீட்டு வாசலை மிதிப்பேன் என்கிறாள். அப்பா சொல்ல மாட்டேன் என்கிறேன். என்ன தகராறு தெரியுமா? முக்கால் நொடி. காணி பூமி இல்லை, நகை நட்டு இல்லை. முக்கால் நொடி!

சொல்கிறேன், கேளுங்கள். கேட்டுவிட்டு நீங்களே தீர்ப்புச் சொல்லுங்கள். எட்டயபுரம்கூட இன்னும் வரவில்லை.

மாப்பிள்ளை பெயர் பாலகணேசன். சாத்தான்குளத்துப் பையன், மதுரையில் பேங்க் வேலை. குடி கிடையாது, சீட்டு கிடையாது. குடிகாரனாக இருந்திருந்தால்கூட நாலு பேரிடம் சொல்லி அழலாம். மாப்பிள்ளை வானத்தைப் பார்க்கிறார் என்று யாரிடம் போய்ச் சொல்வது? வீட்டில் ஒரு அறை முழுக்கக் குழாய், கண்ணாடி, வயர். கட்டில் போட இடம் இல்லை. குழாய்க்கு உறை தைத்துப் போட்டிருக்கிறார் தம்பி, குளிருமாம்.

இந்த மனுஷன் தலை தீபாவளிக்கு எத்தனை நாள் வந்தார்? ஒரு நாள். காலையில் எண்ணெய் தேய்த்துக் குளித்தார், சாயங்காலம் பஸ் ஏறினார். கேட்டால் லீவு இல்லை மாமா. எங்கள் அம்மன் கோயில் கொடைத் திருவிழாவுக்கு இரண்டு வருஷம் அழைத்தேன். லீவு இல்லை மாமா. தங்கபுஷ்பத்துக்கு ஆபரேஷன் நடந்தது. லீவு இல்லை மாமா, ஜெயக்கொடியை அனுப்புதேன். சரி, பேங்க் என்றால் அப்படித்தான் போலிருக்கிறது என்று நானும் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

பங்குனி மாதம் ஒரு நாள் அவரே போன் செய்கிறார். "மாமா, நல்லா இருக்கியளா?" இரண்டு வருஷத்தில் அவராகச் செய்த முதல் போன். எனக்கு வாயெல்லாம் பல். "மாமா, ஒங்க அளத்துல தெக்குப் பக்கம் மூணாவது பாத்தி இருக்குல்லா, அந்த வரப்புல ஒரு ஆறடி எடம் கெடைக்குமா?" ஆறடி இடம் என்றதும் எனக்குப் பக்கென்று ஆகிவிட்டது. ஆறடி எதற்குக் கேட்பார்கள்?

விஷயம் இதுதான். வானத்தில் ஒரு கப்பல் சுற்றிக்கொண்டிருக்கிறதாம். விண்வெளி நிலையம் என்று ஜெயக்கொடி சொன்னாள். உள்ளே ஆள் எல்லாம் இருக்கிறார்களாம். அது போகிற போக்கில் சூரியனுக்குக் குறுக்கே போகுமாம். அதை எந்த ஊரில் நின்றாலும் பார்க்க முடியாது. தரையில் ஒரு கோடு இருக்கிறது, அந்தக் கோட்டில் நின்றால்தான் சூரியனுக்கு நட்ட நடுவில் போகிறது தெரியும். அந்தக் கோடு எங்கள் அளத்து மூன்றாவது பாத்தி மேலே விழுகிறது. மாப்பிள்ளை அதை போட்டோ எடுக்க வேண்டும். அதற்கு எத்தனை நாள் லீவு போட்டார் தெரியுமா? மூன்று நாள்!

எவ்வளவு நேரம் போகும் என்று கேட்டேன்.

"முக்கால் நொடி மாமா."

அம்மன் கொடைக்கு லீவு இல்லை. மாமியார் ஆபரேஷனுக்கு லீவு இல்லை. முக்கால் நொடிக்கு மூன்று நாள். அன்றைக்கே எனக்கு வெறுத்துவிட்டது தம்பி. ஆனாலும் மகள் வருகிறாளே என்று சீலா மீனுக்குச் சொல்லி வைத்தேன்.

வந்தார்கள். முதல் நாள் சாப்பிட உட்கார்ந்ததும் எனக்குப் பாடம் நடக்கிறது. "சூரியன்ல கரும்புள்ளின்னு உண்டு மாமா. சில வருசம் நெறைய வரும். அப்பொறம் கொஞ்சங் கொஞ்சமா அடங்கிரும். பதினோரு வருசத்துக்கு ஒருக்க அப்பிடி அடங்கும். இப்ப அந்த நேரம். ஒரு மாசமா ஒரு புள்ளி கெடையாது. தொடச்சு வச்ச தட்டு மாதிரி இருக்கு. அதுக்கு மேல அந்தக் கப்பல் மட்டும் தனியாத் தெரியணும். அதான் என் ஆசை. இத விட்டா அடுத்த தடவ சூரியன் இப்பிடி அடங்க பதினோரு வருசம் ஆவும்."

தட்டு என்று சொன்னது யார்? துடைத்து வைத்த தட்டு என்று சொன்னது யார்? அவர்தான். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்றும் சொன்னார். சூரியன் இப்போது அமைதியாக இருக்கிறதாம். தூங்குகிறதாம்! பங்குனி மாதம் உப்பளத்தில் வந்து நின்று பார்க்கச் சொல்லுங்கள், எது தூங்குகிறது என்று. வரப்பில் காலை வைத்தால் தோல் ஒட்டிக்கொண்டு வரும். ஏசிக்கு அடியில் உட்கார்ந்திருக்கிறவனுக்குச் சூரியன் தூங்கும்தான்.

மறுநாள் காலை எட்டு மணிக்கே அளத்துக்குப் போய்விட்டோம். மூன்று காலில் ஒரு வெள்ளைக் குழாய். அதன் வாயில் வெள்ளி மாதிரி ஒரு தாள், பிஸ்கட் பாக்கெட்டுக்குள் இருக்குமே, அந்த மாதிரி. அது இல்லாமல் பார்த்தால் கண் அவிந்துவிடுமாம். அடியில் கேமரா, அதிலிருந்து வயர், வயருக்கு லேப்டாப். வெளிச்சத்தில் திரை தெரியாது என்று லேப்டாப்பை ஒரு அட்டைப் பெட்டிக்குள் வைத்துக் கறுப்புத் துணி போட்டிருந்தார்.

வேலைக்கு வந்த பெண்கள் எல்லாம் கூடைச் சும்மாட்டோடு நின்று வேடிக்கை பார்த்தார்கள். லூர்தம்மாள் என்று ஒருத்தி, வாய் என்றால் வாய்.

"அண்ணாச்சி, மாப்பிள்ளை என்ன பாய்லரு வச்சிருக்காரு? டீ கெடைக்குமா?"

"சூரியன போட்டோ புடிக்காருட்டி. போ, வேலயப் பாரு."

"அதுக்கு மதுரையில இருந்தா வரணும்? எங்க முதுகப் புடிச்சாப் போதுமே. அது பூரா அங்கனதான விழுந்து கெடக்கு."

எல்லாரும் சிரித்தார்கள். மாப்பிள்ளையும் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. பத்தரை மணிக்கு உப்பு வாருகிறதை நிறுத்தச் சொன்னார், தரை அதிரக் கூடாதாம். நிறுத்தினேன். முதலாளிக்குத் தெரிந்தால் யார் பதில் சொல்வது? நான். இத்தனையும் செய்தேன். இதை எல்லாம் எந்தக் கணக்கிலும் யாரும் சொல்ல மாட்டார்கள்.

எனக்கு என்ன வேலை கொடுத்தார் தெரியுமா? குடை பிடிக்கிற வேலை. லேப்டாப்புக்குக் குடை. கங்காணி குடை பிடித்துக்கொண்டு நிற்கிறேன், என் கீழே வேலை செய்கிற ஐம்பது பேரும் பார்க்கிறார்கள். "மாமா, பத்து நாப்பத்தொண்ணுக்கு வரும். நான் பதிவை ஓட விட்ருதேன். அதுக்கப்பொறம் யாரும் எதையும் தொடாதிய. மூச்சுகூட மெதுவா விடுங்க" என்றார். அவர் அந்தப் பக்கம் போனில் நொடியைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார். ஜெயக்கொடி பக்கத்தில் நின்று சத்தமாக எண்ணுகிறாள். முப்பது, இருபத்தொன்பது என்று இறங்குமுகமாக.

நான் பெட்டிக்குள் எட்டிப் பார்த்தேன்.

தம்பி, உண்மையைச் சொல்லவேண்டும். திரை முழுக்க வெள்ளை. வெள்ளை வெளேர் என்று ஒரு வட்டம். முதல் வாரல் உப்பை அம்பாரமாகக் குவித்து மேலே ஏறி நின்று பார்த்தால் எப்படி இருக்கும், அப்படி இருந்தது. ஒரு நிமிஷம் எனக்கே நன்றாகத்தான் இருந்தது. அப்புறம் பார்க்கிறேன், வலது பக்கம் ஓரமாக ஒரு கறுப்பு. கடுகில் பாதி.

உங்களுக்கு உப்பு வியாபாரம் தெரியாது. வியாபாரி வருவான். அம்பாரத்தில் கையை விட்டு ஒரு பிடி அள்ளி உள்ளங்கையில் பரப்புவான். அதில் ஒரு கறுப்புத் தெரிந்தால் போதும், மூக்கைச் சுளித்துக்கொண்டு கையை உதறிவிட்டுப் போய்விடுவான். ஒரு துணுக்குச் சேறுக்காக முழு அம்பாரமும் நிற்கும். அதனால் எங்களுக்குக் கண்ணும் கையும் ஒன்று. வெள்ளையில் கறுப்பைக் கண்டால் யோசனை வருகிறதற்கு முன்னால் கை போய்விடும். சோற்றில் மிளகு கிடந்தால்கூட என் கை எடுத்துப் போட்டுவிடும். ஜெயக்கொடி கைப்பிள்ளையாக இருந்தபோது கன்னத்தில் வைத்த திருஷ்டிப் பொட்டைத் துடைத்துத் துடைத்து விடுவேன், தங்கபுஷ்பம் என்னோடு சண்டைக்கு வருவாள்.

ஆக, விரலால் திரையைத் தொட்டுத் துடைத்தேன். போகவில்லை. சரி, திரையில் இல்லை. அப்படியானால் எங்கே? குழாய் வாயில் இருக்கிற வெள்ளித் தாளில் உப்புத் தூசி விழுந்திருக்கிறது. உப்பளம்தானே, தூசிக்கு என்ன பஞ்சம்? சூரியனில் ஒரு புள்ளி கிடையாது என்று இந்த மனுஷன்தான் நேற்று இருபது தடவை சொன்னார். அப்படியானால் தூசிதானே? பாவம், ஆசை ஆசையாக வந்திருக்கிறார், துடைத்த தட்டு வேண்டும் என்றாரே, போட்டோவில் அழுக்கு விழப்போகிறதே என்று நினைத்தேன். அவருக்காகத்தான் நினைத்தேன். குடையைக் கீழே போட்டேன். இரண்டு எட்டு வைத்தேன். தோளில் கிடந்த துண்டை எடுத்தேன், குழாய் வாயில் வைத்து நன்றாக ஒரு சுற்று, மறு சுற்று.

"கைய எடும்வே!"

காதில் விழுந்ததா தம்பி? 'வே' என்று, ஏதோ கூட்டாளியை விரட்டுகிற மாதிரி. பெண் கொடுத்த மாமனாரை. ஐம்பது பேர் நிற்கிற இடத்தில். லூர்தம்மாள் வாயைப் பொத்திக்கொள்கிறாள். ஜெயக்கொடி மூன்று, இரண்டு என்று எண்ணிக்கொண்டே வந்தவள், நான் துண்டை வைத்தபோது "அப்பா" என்று அப்படியே நின்றுவிட்டாள்.

மாப்பிள்ளை வரப்பில் போய் உட்கார்ந்துகொண்டார். சூடான வரப்பு. வேட்டி கட்டினவன்கூட உட்கார மாட்டான், இவர் பேண்ட்டோடு உட்கார்ந்தார். முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டார். எழவு வீட்டில் உட்கார்கிற மாதிரி. எனக்கு அதுதான் அருவருப்பாக இருந்தது. ஒரு ஆம்பிளை, பேங்க் ஆபீசர்.

நான் என்ன செய்திருக்க வேண்டும் என்கிறீர்கள்? "இன்னொரு தடவ சுத்தி வரட்டும், எடுத்துக்கிட்டாப் போவுது" என்றேன். ஆறுதலாகத்தான் சொன்னேன். அதற்கு ஜெயக்கொடி என்னைப் பார்த்த பார்வையை நான் சாகிற வரைக்கும் மறக்க மாட்டேன்.

லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வந்து என் முன்னால் வைத்தாள். "பாருங்கப்பா." ஓடவிட்டாள். வெள்ளை வட்டம். ஓரத்தில் அந்தப் புள்ளி. அப்புறம் சட்டென்று இருட்டு. இடையில் ஓரமாக ஒரு கீற்று வெளிச்சம், மறுபடி இருட்டு. அப்புறம் சூரியன் ஒரு பக்கமாக விலகிப்போய் ஆடிக்கொண்டிருக்கிறது. நாலு நொடி இருட்டு, அவ்வளவுதான்.

"அந்த இருட்டுக்குள்ளதான்பா போச்சு."

"நாலு நொடிதானட்டி."

"அது முக்கால் நொடிப்பா."

"நான் என்ன வேணுமின்னா செஞ்சேன்? கறுப்பு இருந்துச்சு, தொடச்சேன்."

"அது தூசி இல்லப்பா. சூரியனிலயே உள்ள புள்ளி. ஒரு மாசங் கழிச்சு இன்னைக்குத்தான் மொத மொத வந்திருக்கு. காலையில அவுக எனக்குக் காட்டுனாக. புள்ளி வந்துட்டேன்னு முதல்ல மொகம் வாடிப் போச்சு, பெறவு அதுவும் ஒரு அழகுதான்னு சொன்னாக. அத வச்சுத்தான் கேமராவத் தெளிவு பாத்தாக."

கேட்டீர்களா? இங்கேதான் நீங்கள் தீர்ப்புச் சொல்ல வேண்டும். சூரியனில் புள்ளி இல்லை என்றார் அவர். இருக்கிறது என்று கண்டுபிடித்தது என் கண். அப்படியானால் என் கண்ணில் பிழை உண்டா? புள்ளி வந்திருக்கிறது என்று காலையிலேயே மகளிடம் சொல்லத் தெரிந்தவருக்கு மாமனாரிடம் சொல்ல வாய் வரவில்லை. குடை பிடிக்கிற ஆளுக்கு எதற்குச் சொல்ல வேண்டும் என்றுதானே?

சாப்பிடாமல் போய்விட்டார்கள். மூன்று நாள் லீவில் ஒன்றரை நாள் மிச்சம் இருந்தது. சீலா மீன் குழம்பு அப்படியே இருந்தது. போகும்போது ஜெயக்கொடி, "அப்பா, தெரியாமச் செஞ்சிட்டேன் மாப்பிள்ளைன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க, அவுக மனசு ஆறிரும்" என்றாள். நான் சொன்னேன், "அந்த 'வே'க்கு மொதல்ல அவரு சொல்லட்டும்." அவர் சொன்னார் தம்பி. பொய் சொல்லக் கூடாது. காரில் ஏறும்போது, "மாமா, அவசரத்துல வாய் தவறிருச்சு, மன்னிச்சிருங்க" என்றார். ஆனால் என் முகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை. குழாயைப் பார்த்துச் சொன்னார். உப்புத் துண்டால் தேய்த்ததில் அந்த வெள்ளித் தாள் கீறிப்போயிருந்தது, அதைத் தடவிக்கொண்டே சொன்னார். அது ஒரு மன்னிப்பா? நான் திரும்பிக்கொண்டேன்.

அருப்புக்கோட்டையா? டீ குடிக்கிறீர்களா? நான் குடிப்பதில்லை, நீங்கள் போய் வாருங்கள். இடத்தை நான் பார்த்துக்கொள்கிறேன்.

வந்துவிட்டீர்களா. ம். அதற்கு அப்புறம் ஒரு மாதம் கழித்து ஒரு நாள் தங்கபுஷ்பம் அடுப்படியில் நின்று தானாகச் சிரித்துக்கொண்டிருக்கிறாள். என்ன என்றால், ஜெயக்கொடி உண்டாகியிருக்கிறாள். மூன்று மாதம். எனக்கு முன்னால் தங்கபுஷ்பத்துக்குத் தெரியும், சம்பந்தி வீட்டுக்குத் தெரியும், எதிர்வீட்டுக்காரிக்குத் தெரியும். கடைசியில் எனக்கு. அதுவும் எப்படிச் சொல்கிறாள் பாருங்கள். அன்றைக்கு அளத்துக்கு வந்தார்களே, அந்த போட்டோவை எடுத்துவிட்டு, மத்தியானம் சாப்பிட உட்காரும்போது எங்கள் இரண்டு பேரிடமும் சொல்லலாம் என்று வைத்திருந்தார்களாம். நாள் பார்த்து வந்திருக்கிறார்கள். மூன்று நாள் லீவும் முக்கால் நொடிக்காக மட்டும் இல்லையாம்.

அதை முதலில் சொல்லியிருக்க வேண்டியதுதானே? வந்ததும் வராததுமாகச் சூரியன், புள்ளி, தட்டு என்று பேசத் தெரிந்தவர்களுக்கு இதைச் சொல்லத் தெரியாதா? பேரப்பிள்ளை சேதி பெரிதா, வானத்தில் போகிற டப்பா பெரிதா? சொல்லியிருந்தால் நான் ஏன் குழாய்ப் பக்கம் போகப்போகிறேன்? தெருவில் சாக்லேட் கொடுத்துக்கொண்டு திரிந்திருப்பேன். சீ!

இப்போது ஒரு வாரத்துக்கு முன்னால் தங்கபுஷ்பம் வழியாக ஒரு தூது. மறுபடியும் அந்தக் கப்பல் வருகிறதாம். இந்தத் தடவை கோடு அவர்கள் வீட்டு மொட்டை மாடி மேலேயே விழுகிறதாம். நாளைக்குக் காலை ஒன்பது இருபதுக்கு. அதற்கு அப்பா வரலாமாம். மாப்பிள்ளையே சொன்னாராம், "மாமா ஒரு தடவயாவது பாக்கட்டும்" என்று. அதோடு நிறுத்தியிருந்தால் பரவாயில்லை. ஜெயக்கொடி ஒரு நிபந்தனை வைக்கிறாள். வாய் திறந்து ஒன்றும் சொல்ல வேண்டாமாம். "அப்பா துண்டு இல்லாம வரட்டும். அது போதும்."

துண்டு இல்லாமல்!

நாற்பத்தைந்து வருஷமாகத் தோளில் கிடக்கிறது தம்பி. எங்கள் முதலாளியின் அப்பா காலத்தில், அளத்துக் காரில் அவர் வந்து இறங்கினால் எல்லாரும் துண்டை எடுத்து இடுப்பில் கட்டுவார்கள். நான் எடுக்கவில்லை. இரண்டு மாதம் வேலை இல்லாமல் உட்கார்ந்தேன், எடுக்கவில்லை. கல்யாணத்தில் எடுக்கவில்லை, கலெக்டர் வந்தபோது எடுக்கவில்லை. என் மகள், நான் தூக்கி வளர்த்தவள், அவள் எச்சிலைத் துடைத்த துண்டை வீட்டில் வைத்துவிட்டு வா என்கிறாள். அப்படி ஒரு வீட்டுக்கு நான் போவேனா? என்னைப் பார்த்தால் போகிற ஆளாகத் தெரிகிறதா?

அதனால்தான் கண் ஆஸ்பத்திரி என்றேன். வலது கண் கொஞ்சம் மங்கல்.

என்ன பார்க்கிறீர்கள்? தோளையா? புழுக்கமாக இருந்தது, வைத்துவிட்டு வந்தேன். பஸ்ஸில் எதற்குத் துண்டு? எல்லாரும் துண்டு போட்டுக்கொண்டா பஸ் ஏறுகிறார்கள்?

மாட்டுத்தாவணி வந்துவிட்டது போலிருக்கிறது. இங்கே இருந்து ஆனையூருக்கு எந்த டவுன் பஸ் போகும்? இல்லை, ஆஸ்பத்திரி அங்கே இல்லை என்று எனக்கும் தெரியும். சும்மா கேட்டேன். அந்தப் பையைக் கொஞ்சம் மெதுவாக எடுத்துக் கொடுங்கள், சீலா மீன் கருவாடு, அவளுக்கு வாய்க்கு ருசியாக எதுவும் பிடிக்கவில்லையாம், தங்கபுஷ்பம் கட்டிக் கொடுத்தாள்.

இப்போது சூரியன் முழித்துவிட்டதாம் தம்பி. புள்ளி வர ஆரம்பித்துவிட்டதாம். அந்தத் துடைத்த தட்டு இனிமேல் பதினோரு வருஷத்துக்குக் கிடையாது. நேற்று ஜெயக்கொடி தங்கபுஷ்பத்திடம் போனில் சொல்லியிருக்கிறாள், நாளைக்கு மூன்று புள்ளி இருக்குமாம். மூன்று! ஒன்றுக்கே அந்தப் பாடு.

கைக்குட்டையா? எனக்கா? வியர்க்கிறது, உண்மைதான். நீங்கள் நல்ல பிள்ளை, வந்ததில் இருந்து நான் சட்டைக் கையால் துடைக்கிறதைப் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறீர்கள்.

வேண்டாம் தம்பி. நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். நாளைக்கு ஒன்பது இருபது வரைக்கும் என் கையில் துணி என்று ஒன்று இருக்க வேண்டாம்.